மழைக் கழிவு

கமலாவதியைத் தராசில் ஏற்றுவதற்குச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

தோட்டக்காரர் சங்கத்துத் தராசு லேசுப்பட்ட சாமான் அல்ல. பண்டத்தரிப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களின் வெங்காயம், பீற்றூட், மரவள்ளி எல்லாம் முப்பது வருசமாக அதன்மேல் ஏறி இறங்கித்தான் லொறிக்குப் போயின. நாலு சாக்கை ஒன்றாகத் தாங்கும் இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் நெஞ்சுயரத்துக்கு ஒரு தூண், தூணின்மேல் பித்தளைத் தண்டு, தண்டில் ஓடுகிற குண்டு. தண்டில் வெட்டியிருந்த இலக்கங்கள் சுவர்ப்பக்கம் பார்த்திருந்தன. அவை நிறுக்கிற ஏரம்பருக்கு மட்டும் தெரியும். சாக்குக்காரன் இந்தப் பக்கம் நின்று ஏரம்பரின் வாயைப் பார்க்கவேண்டியதுதான். அவர் குண்டைத் தள்ளி, ஒரு கண்ணை மூடி, தேவாரம் எடுப்பதுபோல இழுத்து "முப்பத்தெட்டேய்" என்றால் அது முப்பத்தெட்டு. அதற்கு மேல் கதை இல்லை.

தூணுக்கு மேலே சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கியது. "இத்தராசில் விளைபொருள் தவிர்ந்த எதுவும் நிறுக்கப்படலாகாது." கீழே தலைவர் ஜெபரட்ணம் மாஸ்ரரின் கையொப்பம், அறிவித்தலைவிடப் பெரிதாக. மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அதிபராகாமல் விட்ட குறையைச் சங்கத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் ஒரு மருந்துக் குளிசை வாயில் வைத்ததில்லை என்பதும், அதற்குக் காரணம் விடியற்காலைத் தேகப்பயிற்சி என்பதும் சங்கத்துக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். லொறிச் சாரதிகளுக்குக்கூடத் தெரியும்.

அவரிடம் போய்த்தான் சீவரத்தினம் தன் மனைவியை நிறுக்கவேண்டும் என்று கேட்டான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் அது.

கேட்கும்படி சொன்னது டொக்டர் பொன்மலர். படித்து முடித்த பொடியள் பெட்டையள் எல்லாம் கடல் கடக்க வழி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கிழமையில் மூன்று நாள் சைக்கிளில் வந்து கிளினிக் நடத்துகிறவள். முப்பது வயது வராது. கிளினிக்கிலும் ஒரு தராசு இருந்தது. அதன் சுருள்வில் துருப்பிடித்து, ஏறின எல்லாரையும் ஐம்பத்திரண்டு கிலோ என்றது. பால்குடிப் பிள்ளைக்கும் அதே ஐம்பத்திரண்டுதான்.

கமலாவதிக்கு முப்பத்தாறு வயது. கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிற நிலை வந்தபிறகுதான் அவள் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தாள். அதுவரை வேலி கட்டிக்கொண்டும் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டும் இருந்தவள். டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கனநேரம் கேட்டாள். சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சலாய்க் கிடந்ததுண்டா என்று விசாரித்தாள். உண்டு, பன்னிரண்டு வயதில்.

"நெஞ்சுக்குள்ளை ஒரு கதவு ஒட்டிப்போச்சு அக்கா. நுரையீரலிலை இருந்து வாற ரத்தம் அந்தக் கதவாலை முழுக்கப் போகேலாமல் பின்னுக்குத் தேங்குது. தேங்கத் தேங்க நுரையீரல் குழாயளிலை அழுத்தம் ஏறுது. கையிலை பட்டி சுத்திப் பாக்கிற பிரசர் இல்லை இது. இது உள்ளுக்கை."

சீவரத்தினத்துக்கு உடனே பிடிபட்டது. "வாய்க்காலை முக்கால்வாசி அடைச்சுப்போட்டு மிசினை ஓடவிட்ட மாதிரி."

"ஓம் அண்ணை. அந்த மிசின்தான் இப்ப களைக்குது."

பிறகு டொக்டர் வழிகளைச் சொன்னாள். குளிசை தண்ணீரை இறக்கும், கதவைத் திறக்காது. ஒக்சிசன் மூச்சுக்கு உதவும், அதுவும் சிலிண்டர் வந்து சேர்ந்தால். கதவைத் திறக்கிற ஒப்பரேசன் கொழும்பில், சண்டையால் தரைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. கார்த்திகையில் நோயாளரை ஏற்ற செஞ்சிலுவைக் கப்பல் வரும், அந்தப் பட்டியலில் போடலாம். ஆனால் ஊதின உடம்போடு கப்பலேறினால் போய்ச் சேருமுன் மூச்சு முட்டிப்போகும். தண்ணீர் வற்றின உடம்போடு ஏறவேண்டும்.

திறக்காவிட்டால் எவ்வளவு காலம் என்று சீவரத்தினம் கேட்டான். டொக்டர் அவனுக்குப் பதில் சொல்லாமல் கமலாவதியைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு மூண்டு வருசம் எண்டு புத்தகம் சொல்லுது. புத்தகத்துக்கு உங்களைத் தெரியாது. இப்ப திறந்தால் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். பிந்தினால் குழாயள் தடிச்சுப்போம், பிறகு திறந்தும் பெரிய பிரயோசனமில்லை."

"அப்ப பிந்தேலாது," என்றாள் கமலாவதி, சந்தைக்குப் போகிற லொறியைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்குத்தான் தராசு. உடம்பில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் காலையில் வெறுவயிற்றோடு, ஒரே சீலையோடு நிறுத்துப் பார்க்கவேண்டும். தண்ணிக்குளிசை ஊருக்குள் வருவதே அருமை, ஆகவே எடையைப் பார்த்துத்தான் குளிசை.

ஜெபரட்ணம் மாஸ்ரர் வேண்டுகோளை மறுக்கவில்லை. மறுப்பது சின்ன மனிதர்களின் வேலை. அவர் நிர்வாகசபையைக் கூட்டினார். அறிவித்தலை மீறாமல் ஒரு மனுசியை எப்படி நிறுக்கலாம் என்று இரண்டு மணி நேரம் ஆராய்ந்து, கடைசியில் தீர்மானத்தைத் தானே வாசித்தார். "திருமதி கமலாவதி சீவரத்தினம் அவர்களை, சங்க அங்கத்தவர் ஒருவரின் இல்லத்து விளைபொருளாகக் கருதி, நாளாந்தம் ஒருமுறை நிறுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது."

முதல்நாள் சீவரத்தினம் அவளைச் சைக்கிள் கரியரில் வைத்து உழக்கிக்கொண்டு வந்து இறக்கினான். மாஸ்ரர் சால்வையோடு நின்றார். தராசின் வரலாற்றில் ஆரம்பித்து மனித நேயத்துக்கு அவர் வந்து சேருமட்டும் கமலாவதி இரும்புப் பலகையில் நின்று மூச்சு வாங்கினாள். கடைசியில் அவளே கையை உயர்த்தி, "மாஸ்ரர், நீங்கள் முடிக்கிறதுக்குள்ளை நான் ரெண்டு கிலோ குறைஞ்சிடுவன்," என்றாள். சாக்குக்காரர் சிரித்தார்கள். ஏரம்பர் சிரிக்கவில்லை. அவர் குண்டைத் தள்ளி ஒரு கண்ணை மூடியிருந்தார்.

"ஐம்பத்திரண்டேய்."

டொக்டர் குறித்துக் கொடுத்த கணக்கு லேசானது. நாற்பத்தாறுக்கு இறக்கவேண்டும். அதற்கு மேல் நின்றால் முழுக் குளிசை, நாற்பத்தாறில் நின்றால் அரை, கீழே போனால் குளிசையே வேண்டாம். அளவுக்கு மிஞ்சி வற்றினாலும் ஆபத்து.

மீதி எல்லாவற்றையும் கமலாவதி பார்த்துக்கொண்டாள். நாளைக்கு எத்தனை கோப்பை தண்ணீர் என்று செம்பில் கோடு கீறி வைத்தாள். அடுப்படியில் உப்புப் பானை இருந்த இடத்தில் புளியைக் கொண்டுவந்து வைத்தாள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வீட்டுப் படியேறவில்லை. உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்புக்குத் தேசிக்காயும் உள்ளியும் கூட்டிப்போட்டு, முதல்நாள் தானே சுவைத்துவிட்டு, "சவத்துச் சாப்பாடு," என்று சொல்லிக்கொண்டே கோப்பையை வழித்துத் தின்றாள்.

சீவரத்தினம் வீரம் பேசினான். அவள் தின்னாத உப்பு தனக்கும் வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் வெங்காயக் கொட்டிலுக்குள், பழைய பவுடர் டப்பா ஒன்றில் உப்பை ஒளித்துவைத்து, தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு கிள்ளு நாக்கில் போட்டான். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் டப்பாவுக்குப் பக்கத்தில் வாழையிலைத் துண்டில் நாலு மோர்மிளகாய் பொரித்து வைத்திருந்தது. அவன் தின்றுவிட்டு இலையை வேலிக்கு வெளியே எறிந்தான்.

எடை இறங்கியது. ஐம்பது, நாற்பத்தெட்டு, புரட்டாதி பிறக்க நாற்பத்தாறு. கணுக்கால் எலும்பு திரும்பவும் வெளியே தெரிந்தது. டொக்டர் பட்டியலில் பெயரைப் போட்டாள். மாஸ்ரர் அதைச் சங்கத்தின் சாதனையாக அறிவித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது.

முதல் மழைக்கு அடுத்த காலை ஏரம்பர் "நாப்பத்திநாலேய்" என்றார். சீவரத்தினம் சந்தோசத்தில் சைக்கிளை வேலியில் மோதினான். கீழே போனால் குளிசை வேண்டாம் என்பது கட்டளை. நிறுத்தினார்கள். மறுநாளும் நாற்பத்திநாலு, பிறகு நாற்பத்தைந்து. அதிலேயே நின்றது. மிச்சமாகிற குளிசைகளைக் கப்பலுக்குப் பத்திரப்படுத்தினார்கள். சந்தி வெள்ளமாக நின்றதில் டொக்டரின் கிளினிக் இரண்டு கிழமை பூட்டிக் கிடந்தது. மாஸ்ரர் வழியனுப்பு உரையை எழுதத் தொடங்கினார்.

கமலாவதிதான் சந்தோசப்படவில்லை. செருப்பு வார் காலில் தடம் பதிக்குது என்றாள். சரிந்து படுக்க முடியவில்லை என்று சுவரோடு வைக்கோல் சாக்கை அண்டி இருந்தாள். சீவரத்தினம் அவளைத் தேற்றினான்.

"எடை குறைஞ்செல்லோ நிக்குது கமலா. நீ சும்மா யோசிக்கிறாய்."

அவள் சீலைக்கரையை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பிடித்து எடுத்தாள். குழி விழுந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழி நிரம்பவில்லை.

"இது யோசினையோ?"

"சங்கத்துத் தராசு பொய் சொல்லாதப்பா," என்றான் அவன். அதைச் சொன்னதை நினைத்துப் பிறகு கன காலம் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் அடைமழை. கமலாவதி சங்கத்து வாங்கில் குந்தி மூச்சு ஆறிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு மரவள்ளிச் சாக்கு ஏறியிருந்தது. வீட்டில் நாற்பது நிறுத்துக் கொண்டுவந்த சாக்கு எப்படி இங்கே முப்பத்தாறாகும் என்று சொந்தக்காரன் பஞ்சலிங்கம் மல்லுக்கு நின்றான். ஏரம்பர் நிதானமாக விளக்கினார். வெயில் காலத்தில் சாக்குக்காக ஒரு கிலோ கழிவு. மழைக்குக் கிழங்கில் மண் ஒட்டும், சாக்கும் தண்ணீர் குடிக்கும், ஆகவே மூன்று கிலோ. இப்பிடி அடைமழையாய் ஊத்தினால் நாலு. முப்பது வருசமாக இதுதான் நடைமுறை. கழித்துப் பார்த்துத்தான் வாயால் சொல்வது, கழிக்காத எடை தன் வாயில் வந்ததே இல்லை.

பஞ்சலிங்கம் முணுமுணுத்துக்கொண்டு இறக்கினான். கமலாவதி எழும்பவில்லை. அவளுடைய பார்வை சங்கக் கதவுக்குப் போனது. கதவு காற்றுக்கு அடிக்காமல் இரண்டு இரும்புக் கற்கள் முட்டுக்கொடுத்திருந்தன. ஒவ்வொன்றும் பத்துக் கிலோ, அரசாங்க முத்திரை குத்தியது. தராசைச் சோதிக்கிற உத்தியோகத்தர் வருசம் ஒருதரம் அவற்றை ஏற்றிப் பார்ப்பார். சண்டை தொடங்கினபிறகு அவர் வருவதில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் சீவரத்தினத்திடம், "உந்தக் கல்லு ரெண்டையும் தூக்கித் தராசிலை வையுங்கோ."

அவன் ஏன் என்று கேட்காமல் வைத்தான். உப்பு டப்பாவுக்குப் பிறகு அவளிடம் ஏன் என்று கேட்பதை அவன் குறைத்திருந்தான். ஏரம்பர் வெளியே மழையை ஒருதரம் பார்த்தார், குண்டைத் தள்ளினார், கண்ணை மூடினார்.

"பதினாறேய்."

சாக்குக்காரர் தராசைச் சுற்றி நெருங்கினார்கள். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. மாஸ்ரர்தான் முதலில் வாய் திறந்தார். காலப்போக்கில் இரும்பும் தேயக்கூடியதே என்றும், கடற்காற்று உள்ள பிரதேசங்களில் இது அவதானிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஏரம்பண்ணை," என்றாள் கமலாவதி, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து, "இரும்பிலை எவ்வளவு மண் ஒட்டியிருக்கு?"

ஏரம்பர் தன் கையைப் பார்த்தார். அந்தக் கை தண்டில் இருந்து தானாக விலகியது.

"அப்ப உம்மிலையும் கழிச்சனோ பிள்ளை?" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "தீர்மானத்திலை விளைபொருள் எண்டுதானே கிடந்தது."

மாஸ்ரர் பதறினார். தீர்மானத்தின் நோக்கம் அதுவல்ல என்றும், உடனடியாக ஓர் அவசரக் கூட்டம் கூட்டி அந்தச் சொல்லை நீக்கி—

"மாஸ்ரர், நான் மனுசி எண்டு நீங்கள் தீர்மானிக்க முந்தி அந்தக் கல்லை இறக்கச் சொல்லுங்கோ. எனக்குக் கனநேரம் நிக்கேலாது."

கல்லை இறக்கியது பஞ்சலிங்கம். அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து, ஒருவரையும் கேட்காமல், தராசைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். முப்பது வருசமாகச் சுவரைப் பார்த்திருந்த இலக்கங்கள் சந்தியைப் பார்த்தன. கமலாவதி ஏறினாள். குண்டு ஐம்பதில் நின்றது. எல்லாரும் கண்ணால் கண்டார்கள். ஏரம்பர் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஏரம்பர் முன்பு நாற்பத்தாறு என்றதும் வெயில் காலத்து ஒரு கிலோவைக் கழித்துத்தான், ஆகவே அவள் உண்மையில் இருக்கவேண்டியது நாற்பத்தேழு. மூன்று கிலோ தண்ணீர் நெஞ்சையும் காலையும் நிரப்பிக்கொண்டு நிற்க, அவர்கள் குளிசையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றே வெள்ளத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிப் போய் டொக்டரைக் கூட்டிவந்தது யார் என்றால், குடை ஒருபக்கம் சால்வை ஒருபக்கமாக, ஜெபரட்ணம் மாஸ்ரர். டொக்டர் யாரையும் ஏசவில்லை. கழிவு விசயத்தைக் கேட்டபோது மட்டும் ஒருதரம் முகத்தை மற்றப்பக்கம் திருப்பினாள். அழுதாளா சிரித்தாளா என்று சீவரத்தினத்துக்குத் தெரியவில்லை. காலையும் மத்தியானமும் முழுக் குளிசை, தண்ணீர் இன்னும் ஒரு கோடு குறைய, குளிசை கழுவிக்கொண்டு போகிற சத்துக்கு ஈடாகத் தினமும் இளநீர் அரைக் கோப்பை என்றாள். நாற்பத்தேழுக்கு வந்தால் கப்பல். வராவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. தன்னிடமும் அவர்களிடமுமாக இருக்கிற குளிசை ஏழு நாளுக்குத்தான் காணும் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை மாஸ்ரர் வீட்டுக்கு வந்தார். படியில் நின்று கொஞ்சநேரம் மழையின் பயன்களைப் பற்றிக் கதைத்தார். பிறகு சேட்டுப் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துச் சீவரத்தினத்தின் கையில் அமத்தினார். அதே தண்ணிக்குளிசை, ஐந்தாறு நாளுக்குப் போதும். போத்தலில் பெயர் எழுதின கடதாசியை நகத்தால் சுரண்டியிருந்தது. முழுக்கச் சுரண்டுபடவில்லை, "ஜெப" என்ற இரண்டெழுத்து மிஞ்சியிருந்தது.

"எனக்கு வேண்டியவர் ஒருவருடையது," என்றார் மாஸ்ரர். "ஆறு வருடமாக இரத்த அழுத்தம். அவர் அதை வெளியில் சொல்வதில்லை."

"அவருக்கு இனி என்ன செய்யிறது?" என்று உள்ளே இருந்து கமலாவதி கேட்டாள்.

"அவர் தேகப்பயிற்சி செய்வார்."

கமலாவதி போத்தலை வாங்கி, பாதியை எண்ணித் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். "அவரை ஒருநாளும் விடாமல் குளிசை போடச் சொல்லுங்கோ. உரை வாசிக்க அவர் இருக்கவேணும்." மாஸ்ரர் பொதியைச் சட்டைப் பையில் வைத்தார். குடையை விரித்துப் படியிறங்கிப் போனார்.

பாதிக் குளிசையோடு அவள் மீதியைத் தன் நாக்கால் ஈடுகட்டினாள். புளியைக்கூட நிறுத்தினாள், தாகம் வரும் என்று. செம்பில் கீறின கோட்டுக்கு மேல் ஒரு துளி குடிக்கவில்லை. வாய் உலர்ந்தால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். சீவரத்தினம் கொட்டிலில் இருந்த பவுடர் டப்பாவைக் கிணற்றடி மண்ணில் கவிழ்த்தான். தினமும் காலையில் சாக்குக்காரர் தங்கள் சாக்கை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். நாற்பத்தொன்பதரை, நாற்பத்தொன்பது, ஒருநாள் அசையவே இல்லை. அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குப் போகாமல் அவள் சைக்கிளில் ஏறுமட்டும் நின்றார்கள். பிறகு நாற்பத்தெட்டு.

அந்தப் பன்னிரண்டு நாளும் சாக்குகளுக்கும் கழிவு இல்லை. இலக்கம் சந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வேறு எடையைச் சொல்ல ஏரம்பருக்கு வாய் வரவில்லை. கழிவில் இலாபம் பார்த்து வாங்கிப் பழகின லொறிக்காரர் முறுகினார்கள். மாஸ்ரர், நோயாளி நிறுக்கப்படும் காலம்வரை கழிவு இடைநிறுத்தப்படுவதாக ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினார். நடந்துவிட்டதை அறிவித்தலாக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

கப்பல் நாளன்று காலை ஏரம்பர் குண்டைப் பொட்டுப்பொட்டாகத் தள்ளினார். தண்டு ஆடி நின்றது. அவர் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்.

"நாப்பத்தேழேய்," என்றார். "கழிவில்லை பிள்ளை."

மாஸ்ரர் வழியனுப்பு உரையைக் கையில் வைத்திருந்தார். நாலு தாள். ஒருதரம் செருமினார், கமலாவதியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, "போயிட்டு வாரும்," என்றார். அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த உரை அது என்று பஞ்சலிங்கம் இன்றைக்கும் சொல்வான்.

துணைக்கு ஒருவர் போகலாம். அவள் தன் தங்கையைத் தெரிந்தெடுத்தாள். "நீங்கள் வந்தால் வெங்காயத்துக்கு ஆர் தண்ணி விடுறது?" என்று சீவரத்தினத்திடம் கேட்டாள். அவன் மற்றப்பக்கம் பார்த்துக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டான், ஒரு மாதம், பிறகு இன்னொரு பத்து நாள்.

தை மாதம் செஞ்சிலுவைக்காரர் மூலம் கடிதம் வந்தது. சங்கத்துக்கு வந்த கடிதம் எதுவானாலும் தலைவர்தான் வாசிப்பது வழக்கம். சீவரத்தினம் உறையைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டான். மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"கதவைத் திறந்துவிட்டார்கள். உள் அழுத்தம் ஒரேயடியாக இறங்காதாம், மாதக்கணக்கில் மெல்ல இறங்குமாம். முழுக்க இறங்குமோ என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். குளிசை கடைசிமட்டும் போடவேண்டும், மாதம் ஒரு ஊசி. நேற்று ஒரு மாடி ஏறினேன், நடுவில் நிற்கவில்லை. மோர்மிளகாய் வேண்டுமென்றால் அடுக்குப்பெட்டியில் கிடக்கிறது, ஒளித்துத் தின்ன வேண்டாம். ஏரம்பண்ணைக்குச் சொல்லுங்கோ, இங்கே தராசு நாற்பத்தைந்து என்கிறது. எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டேன். நேர்ஸுக்கு விளங்கவில்லை."

ஏரம்பர் அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மாஸ்ரர் வாசித்தார், ஒரு சொல்லும் கூட்டாமல்.

சங்கத்துக்கு வெளியே லொறிக்காரன் கிறிஸ்துநாயகம் காத்துக்கொண்டு நின்றான். சுவரில் இன்னும் கிடந்த அறிவித்தலைக் காட்டி, நோயாளி நிறுக்கப்படும் காலம் முடிந்துபோய்விட்டதுதானே, இனிக் கழிவு பிடிக்கலாமே என்று மாஸ்ரரிடம் ஞாபகப்படுத்தினான். மாஸ்ரர் ஏரம்பரைப் பார்த்தார். பஞ்சலிங்கத்தின் மரவள்ளிச் சாக்குப் பலகையில் இருந்தது, அடியில் செம்மண் அப்பி, ஈரத்தோடு. ஏரம்பர் எழும்பிப் போய்க் குண்டைத் தள்ளினார். கண்ணை மூடவில்லை.

"நாப்பத்திரண்டேய்," என்றார், சந்திவரை கேட்க, மண்ணோடு சேர்த்து.